மார்ஷல் பஸேன் எவ்வளவு வாங்கினார்? மெட்ஸ் சரணடைவு பற்றிய குறிப்புகள்

அக்டோபர் 28

பிரான்சுக்கும் பிரஷ்யா தலைமையிலான ஜெர்மானியருக்கும் நடந்த போரைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1870-இல் மெட்ஸ் கோட்டையையும் ஒரு முழுச் சேனையையும் எதிரியின் கையில் கொடுத்த பஸேன் ஜெர்மானியரிடம் எவ்வளவு பணம் வாங்கினார்? வாங்காமல் யாராவது இப்படிச் செய்வார்களா?"

அவர் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மாட்ரிட்டில் கடைசி நாட்களை வறுமையில் கழித்திருக்க மாட்டார். அவருடைய வாழ்க்கையின் முதற்பகுதியை அறியாதவர்களுக்கே இந்தக் கேள்வி எளிதாகத் தோன்றும் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிரான்சுவா அஷீல் பஸேன் 1811 பிப்ரவரி 13 அன்று வெர்சாய் நகரில் பிறந்தார். பொறியாளரான தந்தை ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே பெரிய பதவியில் இருந்துவிட்டார். பிள்ளையின் வளர்ப்பில் அவருக்குப் பங்கு கிடையாது. எக்கோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தோற்ற பஸேன், 1831-இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, மறு ஆண்டு வெளிநாட்டார் படைக்கு மாறினார். அல்ஜீரியா, ஸ்பெயினின் கார்லிஸ்ட் போர், மீண்டும் அல்ஜீரியா, கிரிமியா, 1859-இல் சோல்ஃபெரினோ, பிறகு மெக்சிகோ என்று போன இடமெல்லாம் முன்வரிசையில் நின்று, காயம்பட்டு, ஒவ்வொரு படியாக ஏறி, 1864-இல் மார்ஷல் ஆனார். சிப்பாய்ச் சட்டையில் தொடங்கி 33 ஆண்டுகளில் மார்ஷல் கோலைக் கையில் பிடித்தவர் அவர். பிரபுக்களும் ராணுவக் கல்லூரிப் பட்டதாரிகளும் நிறைந்த உயர்மட்டத்தில், வீரர்கள் "நம்ம பஸேன்" என்று உரிமையோடு பேசக்கூடிய ஒரே முகம் அவருடையதாக இருந்தது. 1870 ஆகஸ்டில் தோல்விச் செய்திகள் வந்தபோது பாரிஸ் மக்களும் எதிர்க்கட்சியினரும் தலைமைத் தளபதியாக அவரே வேண்டும் என்று கேட்டதற்கு இதுவே காரணம்.

அவரைத் துரோகி என்று ஏசியவர்களில் பெரும்பாலோர், இரண்டரை மாதங்களுக்கு முன்பு அவரைத் தலைமேல் தூக்கிவைத்தவர்கள்.

அக்டோபர் 29

நேற்று "ஒரு முழுச் சேனை" என்ற வாசகரின் சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். எண்ணிக்கை இது: 1870 அக்டோபர் 27 அன்று கையெழுத்தான சரணடைவின்படி சுமார் 1,73,000 பேர் சிறைப்பட்டார்கள். பஸேன், கான்ரோபெர், லெபஃப் ஆகிய மூன்று மார்ஷல்கள் அதில் அடங்குவர். ஆனால் இந்த எண்ணில் ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்களும் நோயாளிகளும் சேர்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் துப்பாக்கியோடு எழுந்து நிற்கக்கூடிய நிலையில் இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பஸேனுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

அக்டோபர் 31

இன்று ஆகஸ்ட் 12 முதல் 18 வரையிலான ஏழு நாட்களைப் பற்றி எழுதப் போகிறேன். பஸேனின் குற்றமோ குறையோ அங்கேதான் இருக்கிறது. அக்டோபரில் நடந்தது அதன் பலன்.

ஆகஸ்ட் 12 அன்று பிரெஞ்சுப் படையான ரைன் சேனையின் தலைமை அவரிடம் வந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பொறுப்பைக் கைமாற்றினாரே தவிர உடனே ஊரைவிட்டுப் போகவில்லை. கூடவே இருந்தார், யோசனையும் சொன்னார். மேற்கே வெர்டனை நோக்கிப் பின்வாங்கி மற்றச் சேனைகளோடு சேர வேண்டும் என்பது திட்டம். மோசெல் ஆற்றுப் பாலங்களில் அந்தப் பெரும் படை ஊர்ந்து கடந்துகொண்டிருந்தபோதே, 14-ஆம் தேதி போர்னியில் சண்டை மூண்டது. அதில் குண்டுச் சிதறல் ஒன்று பஸேனின் தோளைத் தாக்கியது. பேரரசர் 16-ஆம் தேதி காலை கிராவ்லோத் கிராமத்திலிருந்து வெர்டன் சாலையில் புறப்பட்டுப் போன பிறகுதான், அவருக்கு மேலே யாருமே இல்லை என்ற நிலை முதன்முறையாக ஏற்பட்டது.

அன்றே ரெசோன்வில் அருகே போர் வெடித்தது. ஜெர்மானியர் இதை மார்ஸ்-லா-தூர் என்பார்கள். காலையில் எதிரே இருந்தது பெரும்பாலும் ஆல்வென்ஸ்லேபனின் ஒரே ஒரு படைப்பிரிவு. பிரெஞ்சுக்காரர்கள் பல மடங்கு அதிகம். ஓங்கி ஒரு தள்ளு தள்ளியிருந்தால் வெர்டன் சாலை திறந்திருக்கும். பஸேனோ மெட்ஸுடன் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்று தன் இடப்பக்கத்தையே காத்துக்கொண்டிருந்தார். பீரங்கிகளை எங்கே நிறுத்துவது என்று தானே நேரில் போய் இடம் காட்டினார். பிரன்ஸ்விக் ஹுஸார் குதிரைப்படை திடீரென்று பாய்ந்தபோது பிடிபடாமல் மயிரிழையில் தப்பினார். இரு தரப்பிலும் தனித்தனியே 16,000 பேர் அளவில் இழப்பு ஏற்பட்ட பிறகும் களம் யாருக்கும் சொந்தமாகவில்லை. அன்றிரவு அவர், உணவும் வெடிமருந்தும் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, படையை மெட்ஸ் பக்கம் திருப்பினார்.

18-ஆம் தேதி கிராவ்லோத்-சான் பிரிவா. நல்ல மேட்டு நிலம், நீண்ட தூரம் சுடும் ஷாஸ்போ துப்பாக்கி; பிரெஞ்சுக்காரர்களின் தற்காப்பு அபாரமாக இருந்தது. சான் பிரிவா சரிவில் ஏறிய பிரஷ்ய காவல்படையில் சுமார் 8,000 பேர் விழுந்தார்கள். அந்த நாளின் ஜெர்மானிய இழப்பு மொத்தம் 20,000 அளவில். பிரெஞ்சு இழப்பு சுமார் 12,000. இத்தனைக்கும் தலைமைத் தளபதி எங்கே இருந்தார்? பின்னால் பிளாப்வில் கோட்டையருகே, தன் அலுவலகத்தில். வலப்பக்கம் கான்ரோபெர் உதவி கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். பூர்பாக்கியின் காவல்படை கைக்கெட்டும் தூரத்தில் காத்திருந்தது. பஸேனிடமிருந்து தெளிவான ஆணை வரவில்லை. மாலையில் சான் பிரிவா விழுந்தது. மறுநாள் படை முழுவதும் மெட்ஸ் கோட்டைகளின் நிழலுக்குள் ஒதுங்கியது. பிறகு முற்றுகையை உடைத்து அது வெளியேறவேயில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் சொந்த வெட்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் ஒரு தானியக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்த காலத்தில், ஒரு மழைக்கால இரவில் வாய்க்கால் உடைந்து தண்ணீர் வாசற்படி வரை வந்துவிட்டது. அரிசி மூட்டைகளை உயரமான கொட்டகைக்கு மாற்றலாமா என்று கேட்க மேலதிகாரிக்கு ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தேன், லைன் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? லெட்ஜரை எடுத்துக்கொண்டு அட்டி அட்டியாக மூட்டைகளை எண்ணினேன். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினேன். சுமை தூக்கும் தொழிலாளர்கள் ஆறு பேர் வாசலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடியும்போது ஒவ்வோர் அட்டியிலும் அடி மூட்டைகள் ஊறிப் போயிருந்தன. என்னிடம் யாரும் பணம் கொடுக்கவில்லை; நான் எதிரிக்கு வேலை செய்யவுமில்லை. என் கணக்கு மட்டும் மூட்டை பிசகாமல் இருந்தது.

எத்தனை வருடம் பணியாற்றினாலும், நமக்கு மேலே ஒருவர் இருக்கும்வரை நமக்குள் என்ன இல்லை என்பது நமக்கே தெரிவதில்லை. பஸேன் பீரங்கிகளுக்கு இடம் காட்டியது எனக்கு அந்த லெட்ஜரைப் போலவே தோன்றுகிறது.

நவம்பர் 1

ஊர்ப் பெயரின் உச்சரிப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் அதை "மெஸ்" என்கிறார்கள். முற்றுகையின் கடைசி வாரங்களில் குதிரைப்படையின் குதிரைகளையே வெட்டித் தின்ற ஓர் ஊருக்கு, அதுவும் உப்புகூட இல்லாமல் தின்ற ஊருக்கு, நம் காதில் இப்படி ஒரு பெயர் விழுவது கொடுமைதான். குழப்பம் வேண்டாம் என்பதால் நான் மெட்ஸ் என்றே எழுதுகிறேன்.

நவம்பர் 4

மெக்சிகோவைப் பற்றி எழுதாமல் விட்டால் படம் பாதியாகவே நிற்கும் என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டார். அவர் சொல்வது சரி.

1863 மே மாதம் புவெப்லா முற்றுகையின்போது, நகரை மீட்க வந்த கொமொன்ஃபோர்ட்டின் படையை சான் லொரென்சோவில் பஸேன் அதிகாலையில் தாக்கிச் சிதறடித்தார். சில நாட்களில் புவெப்லா பணிந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஃபொரேயின் இடத்தில் தலைமைத் தளபதியானார். 1865 பிப்ரவரியில் ஒஹாகாவைக் கைப்பற்றி, பிற்காலத்தில் மெக்சிகோவை நீண்டகாலம் ஆண்ட போர்ஃபிரியோ தியாஸைச் சிறைபிடித்தார். முற்றுகையிடுவதில் அவர் கைதேர்ந்தவர். முற்றுகைக்குள் இருப்பது வேறு வித்தை என்று அப்போது அவருக்கோ பிறருக்கோ தோன்றியிருக்காது.

அந்த ஆண்டு ஜூனில், முதல் மனைவியை இழந்திருந்த 54 வயது மார்ஷல், பெபிதா என்று அழைக்கப்பட்ட 17 வயது மெக்சிகப் பெண்ணை மணந்தார். பிரெஞ்சுப் படையின் பலத்தில் மெக்சிகோவின் அரியணையில் இருந்த பேரரசர் மாக்சிமிலியன் திருமணப் பரிசாகப் புவெனவிஸ்தா அரண்மனையைக் கொடுத்தார். "எவ்வளவு வாங்கினார்" என்று கேட்ட வாசகருக்கு இதுவே என்னால் காட்டக்கூடிய ஒரே பெரிய வரவு. அதுவும் எதிரியிடமிருந்து வந்ததல்ல. 1867 மார்ச்சில் வெராக்ரூசில் பிரெஞ்சுப் படை கப்பலேறியது. அதே ஆண்டு ஜூன் 19 அன்று கெரெத்தாரோவில் மாக்சிமிலியன் சுட்டுக் கொல்லப்பட்டார். படையைத் திருப்பி அழைத்தது நெப்போலியன். ஆனால் ஊர்வாயில் விழுந்தது பஸேனின் பெயர். மனைவி வழியில் மெக்சிக அரசியலில் அவருக்குச் சொந்த ஆசைகள் இருந்தன என்ற வதந்தி பாரிஸ் வரை அவருடனேயே வந்து சேர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, மெட்ஸில் அவர் என்ன செய்தாலும் அதற்கு ஓர் உள்நோக்கம் கற்பிக்க மக்களின் மனம் தயாராக இருந்ததற்கு இந்த வதந்தியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 9

அக்டோபர் 31 குறிப்பைத் திரும்பப் படித்தேன். என் கிடங்கின் ஈரத்தில் பஸேனைக் கழுவிவிட்டேனோ என்று சந்தேகம் வருகிறது. காரணம் ரெஞ்ஞியே விவகாரம்.

செப்டம்பர் 2-இல் செடானில் பேரரசர் சிறைப்பட்டார். 4-இல் பாரிஸில் குடியரசு பிறந்தது. பஸேனுக்குப் பதவி கொடுத்த அரசே இப்போது இல்லை. 23-ஆம் தேதி ரெஞ்ஞியே என்ற தனிமனிதர் ஒருவர் ஜெர்மானியக் காவல் வரிசைகளைக் கடந்து மெட்ஸுக்குள் வந்தார். எந்தப் பதவியும் இல்லாதவர். அவரிடம் இருந்த ஒரே சான்று, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையைக் காட்டும் ஒரு புகைப்படம். அதில் நெப்போலியனின் மகனான பட்டத்து இளவரசர் தந்தைக்கு இரண்டொரு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அதைக் காட்டியே பிஸ்மார்க்கையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்திருந்த பேரரசி, நெப்போலியனின் மனைவி யூஜெனியுடன் சமாதானம் செய்யவும் மெட்ஸ் படையை அதற்குக் கருவியாக்கவும் திட்டம் வைத்திருப்பதாகப் பேசினார்.

ஒரு சேனைத் தலைவர் இப்படிப்பட்டவரை என்ன செய்ய வேண்டும்? காவலில் வைக்கலாம், திருப்பி அனுப்பலாம். பஸேன் அந்தப் புகைப்படத்தில் இளவரசரின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். எதிரியின் முகாம் வழியாகத் திரும்பிப் போகப்போகும் ஒருவரிடம், உணவு அக்டோபர் 18 வரை தாங்கும் என்பதையும் சொன்னார். காவல்படைத் தளபதி பூர்பாக்கியைச் சாதாரண உடையில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே போய்ப் பார்த்தால் பேரரசி யாரையும் அழைத்து அனுப்பவே இல்லை.

முடிவெடுக்கத் தெரியாதவர் என்று நான் முன்பு சொன்னதை இது பாதி பொய்யாக்குகிறது. இங்கே அவர் முடிவெடுத்திருக்கிறார். போரிடுவதைவிடப் பேரம் பேசுவது மேல் என்று. பாரிஸ் எப்படியும் விழும், சமாதானம் வரும், அந்த நாளில் கலையாத சேனை எவன் கையில் இருக்கிறதோ அவன் கையில் பிரான்சின் ஒழுங்கு இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். காசுக்காகச் செய்யவில்லை என்பது சரி. ஆனால் ஒன்றுமே செய்யாமல் நின்றார் என்று இனி என்னால் சொல்ல முடியாது.

நவம்பர் 10

கொடிகளையும் சொல்ல வேண்டும். படைப்பிரிவுகளின் கழுகுக் கொடிகளை ஆயுதக் கிடங்குக்கு அனுப்பும்படியும், அவை அங்கே எரிக்கப்படும் என்றும் வீரர்களுக்குச் சொல்லப்பட்டது. எரிக்கப்படவில்லை, 53 கொடிகள் ஜெர்மானியர் கைக்குப் போயின. இதை முன்பே மோப்பம் பிடித்த சில படைப்பிரிவுகள் தாமே தம் கொடிகளைக் கிழித்தும் எரித்தும்விட்டன. பசியைத் தாங்கியவர்கள் இந்த ஒன்றை மன்னிக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க பெல்ஃபோர் இருக்கிறது. கர்னல் டான்ஃபெர்-ரொஷ்ரோ அங்கே 103 நாட்கள் தாக்குப் பிடித்தார். 1871 பிப்ரவரி 18 அன்று தன் அரசாங்கமே ஆணையிட்ட பிறகுதான் வெளியேறினார். அவருக்குச் சிங்கச் சிலை கிடைத்தது. அவருடைய கோட்டைக் காவலரின் எண்ணிக்கை பஸேனின் சேனையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். உணவுச் சிக்கலும் அதற்கேற்பக் குறைவு. ஆகவே நேருக்கு நேர் வைத்து அளக்க முடியாதுதான். இருந்தாலும் பிரெஞ்சுக்காரர்கள் அளந்தார்கள்.

நவம்பர் 15

இரண்டு நாட்களாகப் பலரும் "துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்" என்று எழுதிவருகிறீர்கள். நானும் ஒருமுறை பேச்சுவாக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது தவறு.

துரோகம் என்ற சொல்லைப் போட்டவர் புதிய குடியரசு அரசின் அமைச்சர் கம்பெத்தா. சரணடைந்த மூன்றாம் நாளே அவர் வெளியிட்ட அறிக்கையில் பஸேன் துரோகம் செய்துவிட்டார் என்று நாட்டுக்கு அறிவித்தார். தோற்றுக்கொண்டிருந்த அரசுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. ஆனால் 1873 அக்டோபர் 6 முதல் டிசம்பர் 10 வரை வெர்சாயின் திரியானோன் மாளிகையில் நடந்த ராணுவ நீதிமன்ற விசாரணையில் குற்றச்சாட்டு வேறு. கடமையும் கௌரவமும் விதிக்கும் அனைத்தையும் செய்து முடிக்காமல் எதிரியுடன் பேச்சு நடத்திச் சரணடைந்தார் என்பதே அது. ராணுவச் சட்டத்தில் அதற்கும் மரணம்தான்.

தலைமை வகித்தவர் ஓமால் கோமகன், மன்னர் லூயி பிலிப்பின் மகன். பஸேன் அல்ஜீரியாவில் இளம் அதிகாரியாக இருந்தபோது அங்கே புகழின் உச்சியில் இருந்தவர். விசாரணையில், சட்டபூர்வமான அரசு எதுவும் அப்போது இல்லை, தன்னை வழிநடத்த எதுவும் மிஞ்சவில்லை என்று பஸேன் வாதாடியபோது, பிரான்ஸ் இருந்ததே என்று ஓமால் பதில் சொன்னார். முழு விசாரணையில் மக்கள் நினைவில் நின்றது அந்த ஒரு வரி. நான் முதன்முறை படித்தபோது சிலிர்த்தேன். இப்போது கொஞ்சம் தயங்குகிறேன்; பிரான்ஸ் இருந்ததுதான், ஆனால் அக்டோபரில் மெட்ஸுக்குள் இருந்த ஒருவருக்கு அது எந்த முகவரியில் இருந்தது என்பதை ஓமால் சொல்லவில்லை. அவரே 1848 முதல் நாடு கடந்து வாழ்ந்தவர்.

தீர்ப்பு ஒருமனதாக மரண தண்டனை. அடுத்த கணமே அதே நீதிபதிகள் அனைவரும் கருணை மனுவில் கையெழுத்திட்டார்கள். அதைப் பெற்றுக்கொண்டவர் குடியரசுத் தலைவர் மக்மகோன். யார் அவர்? மெட்ஸிலிருந்த பஸேனை மீட்கப் புறப்பட்டு செடானில் சிக்கிய அதே மார்ஷல். சேனையை இழந்த ஒருவர் நாட்டின் தலைவராக அமர்ந்து, சேனையை இழந்த இன்னொருவரின் தண்டனையை 20 ஆண்டுச் சிறையாகக் குறைத்தார். செடானில் மக்மகோனுக்குக் காலையிலேயே காயம்பட்டதால் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. போர்னியில் பஸேனின் தோளில் பட்ட சிதறல் இன்னும் இரண்டு அங்குலம் ஆழமாக இறங்கியிருந்தால் பாரிஸில் அவர் பெயரிலும் ஒரு தெரு இருந்திருக்கும்.

நவம்பர் 16

இது அரசியல் தீர்ப்பா என்று ஒருவர் கேட்டார். ஆம், ஆனால் அநியாயத் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். மெட்ஸ் விழுந்ததால் விடுபட்ட இளவரசர் ஃபிரடெரிக் சார்ல்ஸின் சேனை லுவார் ஆற்றுப் பக்கம் விரைந்தது. நவம்பர் 9-இல் கூல்மியேயில் வென்று ஓர்லேயானை மீட்டிருந்த புதிய பிரெஞ்சுப் படை, டிசம்பர் தொடக்கத்தில் அந்த நகரை மீண்டும் இழந்தது. மெட்ஸ் இன்னும் சில வாரம் தாங்கியிருந்தால் பாரிஸ் மீண்டிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் குதிரைகள் நிற்க வலுவோடு இருந்தபோதே முழுப் பலத்தோடு மோதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று மட்டும் சொல்வேன்.

நவம்பர் 21

பஸேன் சிறைவைக்கப்பட்ட சான்ட்-மார்கரித் தீவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆம், போயிருக்கிறேன். மகள் லியோனில் வேலை பார்த்த ஆண்டில் கான் துறைமுகத்திலிருந்து படகில் கால்மணி நேரத்தில் போய் இறங்கினோம். பைன், யூகலிப்டஸ் மரங்களின் வாசனையோடு ஒரு சிறு தீவு. கான் நகரை நோக்கிய பக்கத்தில் பாறை விளிம்பில் கோட்டை. கூட்டமெல்லாம் இரும்பு முகமூடி மனிதன் அடைபட்டிருந்த அறையைப் பார்க்க முண்டியடித்தது. நான் மட்டும் மதிலோரம் நின்று கீழே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீவில் இன்னொரு கதையும் உண்டு. 1843-இல், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போராடிய அல்ஜீரியத் தலைவர் அப்துல் காதிரின் நடமாடும் தலைநகரை ஓமால் கோமகன் பாய்ந்து பிடித்தபோது, சிறைப்பட்ட அல்ஜீரியக் குடும்பங்களில் பலரை இந்தக் கோட்டைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இறந்தவர்களின் கல்லறைகள் மரங்களுக்கு நடுவே இன்றும் இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஓமால் தலைமையில் வந்த தீர்ப்பின் பேரில், அதே அல்ஜீரியப் போரில் வளர்ந்த பஸேன் அதே கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் அங்கே எட்டு மாதங்கள்கூட முழுதாக இருக்கவில்லை. 1874 ஆகஸ்ட் 9 இரவு, 63 வயதில், பருத்த உடம்போடு, மதிலிலிருந்து கயிற்றில் இறங்கினார். கீழே படகில் பெபிதாவும் அவருடைய உறவினர் ஒருவரும் காத்திருந்தார்கள். கயிறெல்லாம் கண்துடைப்பு, காவலர்கள் கதவைத் திறந்து விட்டிருப்பார்கள் என்று அன்றே பலர் சொன்னார்கள். நானும் போகும்வரை அப்படியே நினைத்தேன். அந்தப் பாறையைப் பார்த்தபின் சந்தேகம் கூடவே செய்தது. ஆனாலும் சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கியவர் கடைசியில் ஒரு சிப்பாயின் வேலையைச் செய்துதான் தப்பினார் என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது. இது ஆசை, ஆதாரம் அல்ல.

பிறகு மாட்ரிட். 1883-இல் 1870-ஆம் ஆண்டுப் போரைப் பற்றித் தன் தரப்பு நியாயத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். பெபிதா காலப்போக்கில் மெக்சிகோவுக்குத் திரும்பிவிட்டார். 1887-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பஸேனைத் தேடி வந்து கத்தியால் குத்தினார், பஸேன் பிழைத்துக்கொண்டார். 1888 செப்டம்பர் 23 அன்று இறந்தார்.

அன்றிரவே சேர்த்தது: படகிலிருந்து அவர்கள் ஏறிய கப்பலின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். இத்தாலிய நீராவிக் கப்பல், பெயர் பரோன் ரிக்காசோலி, ஜெனோவாவில் இறக்கிவிட்டது. புவெனவிஸ்தா அரண்மனையில் இப்போது சான் கார்லோஸ் அருங்காட்சியகம் இயங்குகிறது, ஓவியங்கள் மாட்டியிருக்கிறார்கள்.